லாக்: ஆற்றங்கரைச் சீனச் சிற்றூர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாக் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், தலைநகரான சேக்ரமெண்டோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 மைல் தொலைவில், சேக்ரமெண்டோ ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டி இந்தச் சிற்றூர் அமைந்துள்ளது. வடக்கிலிருந்து வரும் சேக்ரமெண்டோ ஆறும் தெற்கிலிருந்து வரும் சான் வாக்கீன் ஆறும் நூற்றுக்கணக்கான கால்வாய்களாகப் பிரிந்தும் கலந்தும் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவை நோக்கிச் செல்லும் கழிமுகச் சமவெளி இது. இப்பகுதியை மக்கள் ‘டெல்டா’ என்றே அழைக்கிறார்கள். ஊருக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் வால்நட் குரோவ் என்ற இன்னொரு ஊர் உள்ளது. லாக்கின் பிறப்புக்கு அந்த ஊரில் மூண்ட தீயே உடனடிக் காரணம் என்பதால், அதன் பெயர் இந்தப் பக்கத்தில் அடிக்கடி வரும்.

இந்த ஊருக்கு நகராட்சியோ ஊராட்சியோ கிடையாது என்கிறார்களே, அது எப்படி?

தமிழ்நாட்டில் எந்தக் குக்கிராமமும் ஏதாவது ஓர் ஊராட்சிக்குள் அடங்கிவிடும் என்பதால், இது நமக்குச் சற்று விசித்திரமாகத் தோன்றலாம். அமெரிக்காவில் ஒரு குடியிருப்பு நகராக வேண்டுமானால் அங்குள்ளவர்கள் மாநிலச் சட்டப்படி அதற்கென்று முயற்சி எடுத்து, தகுதிகளை நிறைவு செய்து, தனி நகராட்சியாகப் பதிவு பெற வேண்டும். அப்படிச் செய்யாத ஊர்களுக்குத் தனி மேயரோ மன்றமோ இருக்காது. மாவட்டத்துக்கு இணையான கவுண்டி நிர்வாகமே சாலை, காவல், கட்டட அனுமதி ஆகியவற்றைக் கவனிக்கும். லாக் சேக்ரமெண்டோ கவுண்டியின் நேரடிப் பொறுப்பில் உள்ள அத்தகைய ஊர்.

லாக் நகராட்சி ஆகாததற்கு அதன் சிறிய அளவு மட்டும் காரணமன்று. ஊரைக் கட்டி வாழ்ந்த முதல் தலைமுறையினரில் பெரும்பாலோருக்கு அமெரிக்கக் குடியுரிமை இல்லை, வாக்குரிமை இல்லை, தாங்கள் நின்ற தரையின் மீதும் உரிமை இல்லை. அத்தகையவர்கள் சட்டம் வகுத்த வழியில் ஒரு நகராட்சியைக் கோரியிருக்க முடியாது. எனவே சங்கங்களும் வணிகர்களும் சேர்ந்து தங்களுக்குள் ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டு ஊரை நடத்தினார்கள்.

ஊர் தோன்றுவதற்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது?

கோரை மண்டிய சதுப்பு நிலமாக இருந்தது. மலைப்பனி உருகும் காலத்தில் ஆறு கரைபுரண்டு பரவும். கடலின் ஏற்றவற்றம் உள்நாட்டுக்குள் வெகுதூரம் வந்துபோகும். ஆற்றோர மேடுகளில் மீவோக் பழங்குடியினர் வாழ்ந்தனர். 1833-இல் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் இந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடி ஊர்கள் பலவற்றை அடியோடு அழித்துவிட்டது. ஆற்றங்கரையில் யாரும் இல்லாத வெற்று நிலம் கிடந்தது என்று பிற்காலக் குடியேறிகள் எழுதிவைத்ததைப் படிக்கும்போது இந்த அழிவையும் நினைவில் கொள்ள வேண்டும்.

1850-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சதுப்பு நிலங்களை மாநிலங்களுக்கே கொடுத்துவிடும் சட்டத்தை இயற்றியது. நீரை வடித்து விளைநிலம் ஆக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். கலிஃபோர்னியா தனக்குக் கிடைத்த நிலத்தை ஏக்கர் ஒரு டாலர் என்ற மலிவு விலையில் விற்றது. ஒருவர் இவ்வளவுதான் வாங்கலாம் என்று தொடக்கத்தில் இருந்த உச்சவரம்பு 1868-இல் நீக்கப்பட்டது. அதன்பின் பெரிய முதலாளிகளும் நிறுவனங்களும் ஆயிரக்கணக்கான ஏக்கர்களை வளைத்துப் போட்டார்கள். ஆனால் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் நிலத்தை வாங்கி என்ன செய்வது? கரை எழுப்ப ஆள் வேண்டும்.

அந்த வேலைக்குச் சீனர்கள் எப்படி வந்தார்கள்?

பெரும்பாலோர் தென்சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில், முத்து ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். 1848-இல் கலிஃபோர்னியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் ஒரு அலை வந்தது. பிறகு கண்டத்தின் குறுக்கே இரயில் பாதை போடும் வேலைக்குப் பல்லாயிரம் பேர் வந்தார்கள். 1869 மே மாதத்தில் அந்தப் பாதை முடிந்ததும் வேலை இழந்தவர்களில் ஒரு பகுதியினர் டெல்டாவுக்கு வந்து கரை கட்டும் கூலிகள் ஆனார்கள். அவர்கள் பிறந்து வளர்ந்த இடமே ஆறும் கடலும் கலக்கும் வண்டல் பூமி. கரை எழுப்புவதும் மதகு வைப்பதும் வடிகால் வெட்டுவதும் அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த தொழில். கூலி குறைவு என்பதற்காகவே சீனர்களை அமர்த்தினார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மைதான். அவர்களின் தொழிலறிவும் சேர்த்தே மலிவாக வாங்கப்பட்டது.

வேலை கொடுமையானது. இடுப்பளவு நீரில் நின்று, மக்கிய கோரையால் ஆன பீட் மண்ணைக் கட்டிகளாக வெட்டி, ஒற்றைச் சக்கர வண்டியில் தள்ளிக்கொண்டு போய்க் கரையில் அடுக்க வேண்டும். கொசுவும் மலேரியாவும் உடன் இருந்தன. கொளகொளவென்ற மண்ணில் குதிரைகளின் கால் புதைந்ததால், எடையைப் பரப்பித் தாங்கும் அகலமான குதிரைக் காலணிகளைச் சீனத் தொழிலாளர்கள் உருவாக்கினார்கள் என்பது டெல்டாவில் இன்றும் சொல்லப்படும் செய்தி. 1860-க்கும் 1880-க்கும் இடையில் சுமார் 88,000 ஏக்கர் சதுப்பு நிலம் இவ்வாறு மீட்கப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டுள்ளனர். அதன்பின் நீராவியால் இயங்கும் தூர்வாரும் இயந்திரங்கள் வந்தன. கரை வேலை குறைந்தது. சீனர்கள் அதே நிலத்தில் பேரிக்காய்த் தோப்புகளிலும் உருளைக்கிழங்கு வயல்களிலும் குத்தகைதாரர்களாகவும் கூலிகளாகவும் தங்கிவிட்டார்கள்.

1915-இல் என்ன நடந்தது?

வால்நட் குரோவில் இருந்த சீனர் குடியிருப்பு அந்த ஆண்டு தீப்பிடித்து எரிந்தது. மரத்தால் நெருக்கமாகக் கட்டப்பட்ட வீடுகள் என்பதால் தீ பரவ அதிக நேரம் பிடிக்கவில்லை. அங்கே வாழ்ந்தவர்கள் எல்லோரும் சீனர்களே என்றாலும் ஒரே குழுவினர் அல்லர். தைஷானையும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களையும் சேர்ந்தவர்கள் ஒரு சாரார். இன்று ஜோங்ஷான் எனப்படும் மாவட்டத்தினர் மற்றொரு சாரார். இரு சாராரின் பேச்சு வழக்கும் ஒருவருக்கொருவர் எளிதில் விளங்காத அளவுக்கு வேறுபட்டது. சங்கங்களும் கடைகளும் தனித்தனி. தீக்குப் பிறகு தைஷான் பக்கத்தவர் வால்நட் குரோவிலேயே மீண்டும் கட்டிக்கொள்வது என்று தீர்மானித்தார்கள். ஜோங்ஷான்காரர்களில் பலர் தனியே ஓர் ஊர் அமைப்போம் என்று கிளம்பினார்கள்.

அவர்கள் சார்பில் வணிகர் குழு ஒன்று பேச்சு நடத்தியது. அதன் தலைவர் லீ பிங். உணவகம், சூதாட்டக் கூடம், மருந்துக்கடை எனப் பல தொழில்களில் கைவைத்திருந்த இவர், சீனர்களிடமும் வெள்ளையரிடமும் ஒருசேரப் பேசிக் காரியம் முடிக்கக்கூடியவர். குழுவினர் வடக்கே பேரிக்காய்த் தோப்பு வைத்திருந்த லாக் குடும்பத்தாரை அணுகி, அவர்கள் நிலத்தில் வீடு கட்டிக்கொள்ள அனுமதி கேட்டார்கள். அனுமதி கிடைத்தது. தொடக்கத்தில் லாக்போர்ட் என்று அழைக்கப்பட்ட ஊர், பின்னர் லாக் என்று சுருங்கியது.

அப்படியானால் ஊர் பிறந்த ஆண்டு 1915 என்பது உறுதிதானா?

ஊராக உருவெடுத்த ஆண்டு அதுவே. எனினும் அதே இடத்தில் 1912 அளவிலேயே சீன வணிகர்கள் கட்டிய சில கட்டடங்கள் நின்றிருந்தன. தென் பசிபிக் இரயில் நிறுவனம் ஆற்றோரத்தில் படகுத்துறையும் சரக்குக் கொட்டகையும் அமைத்திருந்ததால் அங்கே கூலிகளின் நடமாட்டம் இருந்தது. அவர்களை நம்பி கடையும் தங்கும் விடுதியும் வந்தன. எனவே தீ இல்லாவிட்டாலும் அங்கே ஒரு சிறு சந்தை வளர்ந்திருக்கும் என்றே தோன்றுகிறது. ஆனால் குடும்பங்களும் சங்கங்களும் கொண்ட ஓர் ஊர் எழுந்ததற்குத் தீயும், அதன்பின் ஜோங்ஷான்காரர்கள் பிரிந்து வந்ததுமே காரணம். சில ஆண்டுகளுக்குள், 1920 வாக்கில், இன்று நாம் காணும் ஊர் பெரும்பாலும் முழுமை பெற்றுவிட்டது.

பணம் படைத்த வணிகர்கள் நிலத்தை விலைக்கே வாங்கியிருக்கலாமே?

இந்த ஊரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இந்தக் கேள்வியில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும். வாங்க முடியாது என்பதே பதில்.

1790-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் ‘சுதந்திரமான வெள்ளையர்’ மட்டுமே அமெரிக்கக் குடியுரிமை கோரலாம். 1870-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் அந்த உரிமை விரிந்தது, ஆசியர்களுக்கு விரியவில்லை. 1882-இல் வந்த சீனர் விலக்குச் சட்டம், சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுத்ததோடு, ஏற்கெனவே இருந்த சீனர்களுக்குக் குடியுரிமை வழங்கக்கூடாது என்றும் வெளிப்படையாகக் கூறியது. இந்த அடித்தளத்தின் மீதுதான் கலிஃபோர்னியா 1913-இல் அயலார் நிலச் சட்டத்தை எழுப்பியது. ‘குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார்’ விளைநிலத்தைச் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது, மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் எடுக்கக் கூடாது என்றது அது. சட்டத்தில் எந்த நாட்டின் பெயரும் எழுதப்படவில்லை. அப்போது முன்னேறிக்கொண்டிருந்த ஜப்பானிய விவசாயிகளைக் குறிவைத்தே அது இயற்றப்பட்டது என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் அதே வலையில் சீனர்களும் சிக்கினார்கள். 1920-இல் வாக்காளர்கள் அதை இன்னும் இறுக்கினார்கள்.

சட்டம் வந்து இரண்டே ஆண்டுகளில் வால்நட் குரோவ் எரிந்தது. லாக் குடும்பத்தின் தோப்பு விளைநிலம். ஆகவே ஜோங்ஷான்காரர்கள் முன் இருந்த ஒரே வழி, மண்ணை வாடகைக்கு வாங்கி அதன்மேல் சொந்தச் செலவில் வீடு கட்டுவது. சுவரும் கூரையும் அவர்களுடையவை. அடிமனை லாக் குடும்பத்தினுடையது. கோயில் நிலத்தில் அடிமனை வாடகை கட்டி வாழும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே தேவையில்லை. அந்தக் கரைகளை எழுப்பி அந்த நிலத்தை நீரிலிருந்து மீட்டவர்களின் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் அதே நிலத்தில் ஒரு மனை வாங்க முடியாமல் நின்றார்கள்.

லாக் குடும்பத்துடன் செய்த ஒப்பந்தம் எழுத்தில் இருந்ததா?

இல்லை. வாய்ப்பேச்சும் கைகுலுக்கலும்தான். ஊர் முழுவதும் அந்த வாக்கின் மீது பல பத்தாண்டுகள் நின்றது. இதை நம்பிக்கையின் அடையாளமாகப் போற்றி எழுதுபவர்கள் உண்டு. லாக் குடும்பத்தார் வாக்கைக் காப்பாற்றினார்கள் என்பது உண்மை; மாத வாடகையும் சிறிதாகவே இருந்தது. ஆனால் அந்த ஏற்பாட்டை வெறும் நல்லெண்ணமாக மட்டும் பார்ப்பது சரியாகாது. பத்திரமில்லாத வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்க முடியாது. பெருஞ்செலவு செய்து புதுப்பிக்கவும் மனம் துணியாது. வீட்டை விற்றால்கூடத் தரையை விற்க முடியாது. லாக்கின் மரக்கட்டடங்கள் பெரிய மாற்றம் எதுவுமின்றி அப்படியே நின்றுவிட்டதற்கும், அதே கட்டடங்கள் பின்னாளில் சாய்ந்தும் நெளிந்தும் போனதற்கும் இந்த ஒரே காரணம் பெருமளவு பொருந்தும். இன்று சுற்றுலாப் பயணிகள் ரசித்துப் படமெடுக்கும் பழமை, உரிமை மறுக்கப்பட்டதன் பின்விளைவும்கூட.

ஊர் எப்படி அமைக்கப்பட்டிருந்தது?

ஆற்றின் கரைமேல் ஓடும் சாலை ஒன்று. அதற்குக் கீழே, கரையின் அடிவாரத்தில், அதற்கு இணையாக ஓடும் பிரதான வீதி மற்றொன்று. இரண்டுக்கும் இடையில் உள்ள கட்டடங்களின் மேல்தளம் கரைச்சாலையை நோக்கித் திறக்கும், கீழ்த்தளம் பிரதான வீதியை நோக்கித் திறக்கும். அதனால் ஒரே கட்டடத்துக்கு இரண்டு முகங்கள். பிரதான வீதி மிகக் குறுகலானது. இருபுறமும் மேல்தள மாடங்கள் தெருவின்மேல் நீட்டிக்கொண்டிருப்பதால், நண்பகலிலும் கடை வாசலில் நிழல் விழும்.

வீதிகளுக்குப் பின்னால் காய்கறித் தோட்டங்கள் இருந்தன. பாகற்காய், வெண்பூசணி, நீண்ட பயற்றங்காய், சீனக் கீரை வகைகள் ஆகியவற்றைப் பெரியவர்கள் அங்கே வளர்த்தார்கள். வருமானத்துக்காக அன்று, சமையலுக்காக. லாக்கைப் பற்றிய குறிப்புகளில் சூதாட்டக் கூடம் பெறும் இடத்தை இந்தத் தோட்டங்கள் பெறுவதில்லை. ஊரின் அன்றாட வாழ்க்கையோ இவற்றைச் சார்ந்தே இருந்தது.

எத்தனை பேர் வாழ்ந்தார்கள்? என்ன வேலை செய்தார்கள்?

செழிப்பான காலத்தில் நிலையாக வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 600 பேர். அறுவடைக் காலத்தில் 1,000 முதல் 1,500 பேர் வரை கூடுவார்கள் என்று சொல்லப்படுகிறது. குளிர்காலத்தில் பேரிக்காய் மரங்களைக் கவாத்து செய்வது, வசந்தத்தில் ஆஸ்பரகஸ் வெட்டுவது, கோடையில் பேரிக்காய் பறிப்பது என்று பருவத்தோடு வேலையும் சுழலும். ஆஸ்பரகஸ் நம்மூர்த் தண்ணீர்விட்டான் கொடியின் இனத்தைச் சேர்ந்தது. இங்கு கிழங்கு மருந்தாகிறது, அங்கு குருத்து உணவாகிறது. டெல்டாவின் பீட் மண் அதற்கு மிகவும் ஏற்றது. குனிந்தபடியே நாள் முழுவதும் குருத்து வெட்டும் அந்த வேலையை முதலில் சீனர்களும், பின்னர் ஃபிலிப்பைன்ஸ் நாட்டவரும் மெக்சிகர்களும் செய்தார்கள். ஆற்றோரத்தில் இருந்த டப்பாவில் அடைக்கும் ஆலைகளும் பொதிகட்டும் கொட்டகைகளும் மற்றவர்களுக்கு வேலை கொடுத்தன.

ஊருக்குள் மளிகை, மீன் கடை, மூலிகை மருந்துக்கடை, அடுமனை, உணவகங்கள், தங்கும் விடுதிகள், சீன இசை நாடகம் நடத்தும் ஸ்டார் தியேட்டர் ஆகியவை இருந்தன. ஜோங்ஷான்காரர்களின் நலச்சங்கம், வேலை தேடி வருபவர்களுக்கு இடமும் தகவலும் கொடுத்தது, பூசல்களையும் தீர்த்துவைத்தது. நவீன சீனத்தின் தந்தை எனப்படும் சுன் யாட்-சென் பிறந்த மாவட்டமும் இவர்களின் மாவட்டமே என்பதால், அவருடைய கோமிண்டாங் கட்சிக்கும் லாக்கில் நல்ல செல்வாக்கு இருந்தது.

சூதாட்டத்துக்கும் கேளிக்கைக்கும் பெயர்போன ஊர் என்பது உண்மையா?

உண்மைதான். தாய் லாய் என்ற சூதாட்டக் கூடம் 1916-இல் திறக்கப்பட்டது; 1951-இல் அரசு அதிகாரிகளின் நடவடிக்கையால் மூடப்படும்வரை நடந்தது. 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு அமலில் இருந்தபோதும் லாக்கில் மது கிடைத்தது. விபசார விடுதிகளும் இருந்தன. வாரம் முழுவதும் வயலில் குனிந்து கிடந்தவன் கையில் காசும் மாலைப் பொழுதும் கிடைத்தால் எங்கே போவான்? மனைவி சீனாவில், அழைத்துவரச் சட்டம் இடம்தராது, மற்ற ஊர்களின் கடைகளில் அவனுக்கு வரவேற்பு இல்லை. சூதாட்டக் கூடம் அவனுக்குக் கடிதம் வந்துசேரும் இடமாகவும், நாளைக்கு எந்தத் தோப்பில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் இடமாகவும் இருந்தது. அந்தக் காலப் பத்திரிகைகள் லாக்கை ஒழுக்கம் கெட்ட ஊராகச் சித்திரித்தன. அந்தக் கேளிக்கைகளைத் தேடி வந்த வாடிக்கையாளர்களில் சீனர் அல்லாதவர்களும் கணிசமாக இருந்தார்கள் என்பதை அவை அவ்வளவு அழுத்திச் சொல்லவில்லை.

பெண்களும் குழந்தைகளும் இருந்தார்களா?

இருந்தார்கள், ஆனால் ஆண்களை ஒப்பிட மிகக் குறைவாக. 1875-ஆம் ஆண்டின் பேஜ் சட்டம் சீனப் பெண்களின் வருகையைப் பெருமளவு முடக்கியது. 1882-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர்களின் மனைவியரையும் தடுத்தது. வணிகர்களுக்கு மட்டும் குடும்பத்தை அழைத்துவர வழி இருந்தது. எனவே லாக்கில் குடும்பமாக வாழ்ந்தவர்களில் கடைக்காரர்களே அதிகம். விடுதி அறைகளில் வாழ்ந்த கூலிகளில் பலர் தனியாளாக வந்து தனியாளாகவே முதுமை எய்தினார்கள்.

குழந்தைகள் வால்நட் குரோவில் ஆசியக் குழந்தைகளுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட பொதுப்பள்ளிக்குச் சென்றார்கள். வெள்ளையர் பிள்ளைகளின் பள்ளி வேறு. மாலையில் ஊருக்குள் சீனமொழி வகுப்பு நடந்தது. அந்த வகுப்பு நடந்த கட்டடம் பின்னாளில் ஜோ ஷூங் சீனப் பள்ளி என்று பெயர் பெற்றது. ஜோ ஷூங், நேஷனல் டாலர் ஸ்டோர்ஸ் என்ற துணிக்கடைத் தொடரை நிறுவிய அமெரிக்கச் சீனத் தொழிலதிபர்.

‘சீனர்கள் சீனர்களுக்காகக் கட்டிய ஒரே ஊர்’ என்ற அடைமொழி சரியா?

சில திருத்தங்களோடு ஏற்கலாம். டெல்டாவில் கோர்ட்லண்ட், வால்நட் குரோவ், ஐல்டன் ஆகிய ஊர்களிலும் சீனர் குடியிருப்புகள் இருந்தன. ஆனால் அவை வெள்ளையர் ஊர்களின் ஒரு மூலையாகவே இருந்தன. லாக் அப்படியன்று, தொடக்கம் முதலே தனி ஊர். அந்தப் பொருளில் அடைமொழி பொருந்தும். ஆனால் ஊருக்கு வந்துபோன தொழிலாளர்களில் மற்ற நாட்டவரும் இருந்தார்கள். 1934-இல் லீ பிங்கின் உணவகம் இருந்த கட்டடத்தை ஆல் அடாமி என்ற இத்தாலிய வம்சாவளியினர் எடுத்து நடத்தத் தொடங்கினார். அந்த உணவகம் இன்றும் இயங்குகிறது. மேலும், ஊரைச் சீனர்கள் கட்டினார்கள் என்று பெருமையாகச் சொல்லும் வாக்கியம், அந்த மண்ணை அவர்களுக்கு விற்க மறுத்த சட்டத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. என் பார்வையில், கிராமப்புறச் சீனர் குடியிருப்புகளில் ஏறக்குறைய முழுமையாக எஞ்சி நிற்பது இதுவே என்பதுதான் லாக்கின் உண்மையான தனிச்சிறப்பு.

மற்றவை அழிந்தபோது லாக் மட்டும் எப்படித் தப்பியது?

ஐல்டனின் ஆசியர் பகுதி 1926-லும், கோர்ட்லண்டின் சீனர் குடியிருப்பு 1930-லும், வால்நட் குரோவின் சீனர் பகுதி மறுபடியும் 1937-லும் எரிந்தன. இவ்வளவு நெருப்புக்கு நடுவே மரத்தாலான லாக் தப்பியதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பி ஊர்க்காரர்கள் உறங்கிவிடவில்லை. இரவுக் காவலர் ஒருவரை நியமித்தார்கள். அவர் மரக்கட்டையைத் தட்டியபடி தெருத்தெருவாகச் சுற்றி வருவார். அந்த ஓசையை வைத்தே ‘பாக் பாக்’ என்று அவருக்குப் பெயர் வந்தது. தட்டும் ஓசை கேட்டால் எல்லாம் நலம், தீ இல்லை என்று பொருள்.

பிறகு ஏன் ஊர் காலியானது?

பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் திரும்பி வயலுக்கு வரவில்லை என்பதே சுருக்கமான விடை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சீனா அமெரிக்காவின் கூட்டாளி ஆனது. 1943-இல் விலக்குச் சட்டம் நீக்கப்பட்டது. சீனர்கள் குடியுரிமை பெறலாம் என்றானது. ஆனால் புதிதாக வருபவர்களுக்கு ஆண்டுக்கு 105 பேர் என்ற அளவே ஒதுக்கப்பட்டது. 1952-இல் செய் ஃபூஜி என்ற ஜப்பானியர் தொடுத்த வழக்கில், அயலார் நிலச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1956-இல் வாக்காளர்கள் அதை ஏட்டிலிருந்தே நீக்கினார்கள்.

இனி நிலம் வாங்கலாம் என்று ஆனபோது, வாங்க வேண்டியவர்கள் வேறிடத்தில் வாங்கத் தொடங்கினார்கள். அமெரிக்க மண்ணில் பிறந்த சீனர்கள் குடிமக்களே என்று 1898-இல் வோங் கிம் ஆர்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அப்படிப் பிறந்து, படித்து, பொறியாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆன தலைமுறைக்கு சேக்ரமெண்டோவிலும் விரிகுடாப் பகுதியிலும் வேலை இருந்தது. அங்கே பத்திரத்துடன் வீடும் கிடைத்தது. லாக்கிலோ அப்போதும் வீடு மட்டுமே விற்பனைக்கு, தரை இல்லை. மொத்த ஊரும் மனைகளாகப் பிரிக்கப்படாத ஒரே சொத்தாகவே இருந்தது. தாய் லாய் மூடப்பட்டதும், பண்ணை வேலை இயந்திரமயமானதும் மிச்சமிருந்த வியாபாரத்தையும் குறைத்தன. வயதானவர்கள் மட்டும் தங்கினார்கள்.

நிலம் இப்போது யாருடையது?

1977-இல் லாக் குடும்பத்தாரின் வாரிசுகள் ஊரையும் சுற்றியிருந்த நிலத்தையும் ஹாங்காங் தொடர்புள்ள ஒரு நில மேம்பாட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். பெரிய குடியிருப்பும் சுற்றுலாத் தலமும் அமைக்கும் திட்டம் அதனிடம் இருந்தது; அது நிறைவேறவில்லை. ஏற்கெனவே 1971-இல் நாட்டின் வரலாற்று இடங்களின் பதிவேட்டில் லாக் சேர்க்கப்பட்டிருந்தது. 1990-இல் அதைவிட உயர்ந்த தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதியும் கிடைத்தது. ஆனால் பட்டயங்களால் ஒழுகும் கூரையையும் பழுதான கழிவுநீர்க் குழாயையும் சரிசெய்ய முடியவில்லை. பொதுப்பணம் செலவிட வேண்டுமானால் தரையின் உரிமைச் சிக்கல் முதலில் தீர வேண்டும்.

2001-இல் சேக்ரமெண்டோவின் வீட்டுவசதி மற்றும் மறுசீரமைப்பு முகமை ஊரின் நிலத்தை வாங்கியது. அதைத் தனித்தனி மனைகளாகப் பிரித்து, 2004-இல் அந்தந்தக் கட்டடத்தின் உரிமையாளர்களுக்கே விற்றது. ஊர் பிறந்து ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பிறகு, அடிமனையும் கூரையும் முதன்முறையாக ஒரே கைக்கு வந்தன. வருத்தம் என்னவென்றால், அதற்குள் பல கட்டடங்கள் சீனர் அல்லாதவர்களின் கைக்குப் போயிருந்தன. கலைஞர்களும் வணிகர்களும் 1970-களிலிருந்தே அங்கே குடியேறியிருந்தார்கள். எனவே மனைப்பத்திரம் பெற்றவர்களில் ஊரைக் கட்டியவர்களின் வழித்தோன்றல்கள் சிறுபான்மையினராகவே இருந்தார்கள். இன்று ஊரில் வாழ்பவர்கள் நூறு பேருக்கும் குறைவு. அவர்களில் சீன வம்சாவளியினர் மிகச் சிலர்.

ஆற்றால் ஊருக்கு ஆபத்து உண்டா?

உண்டு, ஊருக்கு மட்டுமன்று, டெல்டா முழுவதற்கும். நீர் வடிந்து காற்றுப்பட்ட பீட் மண் மெல்ல மெல்ல மக்கிக் கரைந்துவிடுகிறது. தரை ஆண்டுக்கு ஆண்டு தாழ்கிறது. டெல்டாவின் நடுவிலும் மேற்கிலும் பல தீவுகள் கடல்மட்டத்துக்கு 10 முதல் 25 அடிவரை கீழே கிடக்கின்றன. அவற்றைக் காப்பவை கரைகள் மட்டுமே. அவற்றில் பலவும் 19-ஆம் நூற்றாண்டில் சீனர்கள் எழுப்பிய கரைகளின் மேல் பின்னர் உயர்த்திக் கட்டப்பட்டவை. லாக்குக்கும் வால்நட் குரோவுக்கும் நடுவே, தெற்கு நோக்கி நல்ல நீரைத் திருப்பிவிடுவதற்காக, 1951-இல் மதகுகளுடன் கூடிய ஒரு கால்வாயும் வெட்டப்பட்டது. மாநிலத்தின் தென்பகுதிக்குத் தண்ணீர் செல்வதும் இந்த டெல்டா வழியாகத்தான் என்பதால், கரைகள் உடைந்தால் பாதிப்பு உள்ளூரோடு நிற்காது.

நேரில் சென்றால் எவற்றைப் பார்க்கலாம்?

சேக்ரமெண்டோவிலிருந்து ஆற்றை ஒட்டிய கரைச்சாலை வழியே காரில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். தாய் லாய் சூதாட்டக் கூடம் இப்போது அருங்காட்சியகம். சூது மேசைகள் அங்கே வைக்கப்பட்டுள்ளன. பழைய தங்கும் விடுதி ஒன்றும் அருங்காட்சியகமாக மாற்றப்பட்டுள்ளது; கூலிகள் வாழ்ந்த அறைகள் எவ்வளவு சிறியவை என்பதை அங்கே நேரில் அறியலாம். சீனப் பள்ளியில் பழைய மேசைகளும் படங்களும் உள்ளன. வார நாட்களில் சில கடைகள் திறந்திருக்காது என்பதால் வார இறுதியில் செல்வது நல்லது. பிரதான வீதியைக் கால் மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம்; ஆனால் அதோடு திரும்பிவிடாமல் பின்பக்கத் தோட்டங்கள் வரை சென்று பார்க்கவும். மாடிகளிலும் பின் சந்துகளிலும் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. அவர்களின் வாசல்படியில் ஏறிப் படமெடுப்பதைத் தவிர்க்கவும்.